டிராப் பட்டனுக்கு விசா தெரியாது

ஊரில் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்காவுக்கு எம்.எஸ். வருபவர்களுக்கு டைம்டேபிள் என்பது துறை நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படுகிற ஒரு தாள். யாரோ போடுவார்கள், நாம் போய் உட்காருவோம். இங்கே அதை மாணவரே கட்ட வேண்டும், பிடிக்காவிட்டால் மாணவரே கலைத்துக் கட்டலாம். முதல் வாரத்தில் கலைத்துக் கட்டுவது சுலபம். தேதி தாண்டிய பிறகு கலைப்பதில்தான் பணமும் கிரேடும் சில சமயம் விசாவும் போகிறது.

டெக்சஸ் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களை வைத்தே இதை எழுதுகிறேன். ஆஸ்டின், டாலஸ், ஹூஸ்டன், காலேஜ் ஸ்டேஷன் என்று தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் போகிற இடங்கள் என்பது ஒரு காரணம். பணத்தைத் திருப்பித் தருகிற விகிதம் அங்கே மாநிலச் சட்டத்திலேயே எழுதியிருப்பதால் வளாகத்துக்கு வளாகம் எண்கள் மாறுவதில்லை என்பது இன்னொன்று. விசா பற்றிய பகுதி எந்த மாநிலத்துக்கும் பொருந்தும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "ரெஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சுபோச்சு" என்று சீனியர் சொன்னால் எது முடிந்தது என்று கேளுங்கள். யாரிடமும் கேட்காமல் ஆன்லைனில் கோர்ஸைச் சேர்க்கவும் விடவும் (டிராப்) முடிகிற காலம் ஒன்று. அது பெரும்பாலும் முதல் வாரத்தோடு தீரும். அடுத்தது சென்சஸ் டே என்கிற 12ஆம் வகுப்பு நாள். மூன்றாவது, டபிள்யூ (பாதியில் விட்டது என்ற குறி) கிரேடோடு கோர்ஸை விடக் கடைசி நாள். சில வளாகங்களில் இதையே கியூ டிராப் என்பார்கள். அதற்கும் பிறகு டீன் அலுவலகத்தில் மனு. இந்த நான்குக்கும் வழி வேறு, செலவு வேறு. முதல் கதவு மூடியதுமே எல்லாம் போயிற்று என்று நினைத்துப் பிடிக்காத கோர்ஸில் நான்கு மாதம் உட்கார்ந்து சி வாங்குகிறவர்கள் ஏராளம். மூன்றாவது கதவு மூடும்வரை முதல் கதவே திறந்திருப்பதாக நினைப்பவர்களும் அதே அளவு உண்டு.

12ஆம் வகுப்பு நாள் என்றால் உங்கள் வகுப்பு 12 முறை கூடிய நாள் அல்ல. பல்கலைக்கழகம் வகுப்பு நடத்துகிற நாட்களில் 12ஆவது. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை கணக்கில் வராது. 2025 ஆகஸ்ட் 25 திங்களன்று தொடங்கும் செமஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 29 வெள்ளி ஐந்தாம் நாள். செப்டம்பர் 1 லேபர் டே, விடுமுறை. செப்டம்பர் 5 ஒன்பதாம் நாள். செப்டம்பர் 10 புதன்தான் பன்னிரண்டாம் நாள். செவ்வாய், வியாழன் நடக்கிற ஒரு கோர்ஸ் அதற்குள் ஐந்து முறைதான் கூடியிருக்கும். முதல் ஹோம்வொர்க் கூடத் திருத்தி வந்திருக்காது. முடிவெடுக்கக் கையில் கிடைப்பது அவ்வளவுதான். ஸ்பிரிங் செமஸ்டரில் ஜனவரி மூன்றாம் திங்கள் வருகிற மார்ட்டின் லூதர் கிங் விடுமுறையையும் பார்த்து எண்ணுங்கள். கோடைப் பருவத்தில் சென்சஸ் டே நான்காம் வகுப்பு நாளிலேயே வந்துவிடும். நேரமும் முக்கியம்: சில அலுவலகங்களில் நள்ளிரவு, சிலவற்றில் மாலை 5 மணி. ஜனவரியில் ஊரிலிருந்து திரும்பாமலே கோர்ஸ் மாற்றுகிறவர்கள், டெக்சஸ் நேரம் இந்திய நேரத்துக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதை மறக்க வேண்டாம்.

அந்த நாளுக்கு ஏன் இத்தனை மரியாதை? மாநில அரசு தன் பல்கலைக்கழகங்களுக்குத் தருகிற நிதி, சென்சஸ் நாளில் பதிவில் இருக்கிற கிரெடிட் (கோர்ஸின் எடையைச் சொல்லும் அலகு, ஒரு கோர்ஸுக்குப் பெரும்பாலும் மூன்று) கணக்கைப் பார்த்துத்தான் வகுக்கப்படுகிறது. அன்றைய எண்ணிக்கை மாநிலத் தலைநகரான ஆஸ்டினுக்கு அறிக்கையாகப் போகும். அதற்குப் பிறகு ஒருவரைச் சேர்த்தால் அவருக்கான கிரெடிட் கணக்கில் ஏறாது. பதின்மூன்றாம் நாள் பேராசிரியர் "எனக்கு ஆட்சேபம் இல்லை" என்று சொல்லியும் டீன் அலுவலகம் முகம் சுளிப்பது இதனால்தான். அங்கே போய்ப் பேராசிரியரின் அன்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பதிவு விட்டுப்போனதற்கு அலுவலகப் பிழையோ சிஸ்டம் பிழையோ காரணம் என்று காட்ட ஏதாவது இருந்தால் அதைக் காட்டுங்கள்.

இனி பணம். செமஸ்டரில் வேறு கோர்ஸ்கள் இருக்க, ஒன்றை மட்டும் 12ஆம் நாளுக்குள் விட்டால் அந்தக் கோர்ஸின் கட்டணம் முழுசாகத் திரும்பும். 13ஆம் நாள் விட்டால் ஒரு டாலரும் திரும்பாது. ஆனால் எல்லாக் கோர்ஸையும் விட்டால் அது டிராப் இல்லை, வித்டிராவல். அதற்குக் கணக்கே வேறு. முதல் வகுப்பு நாளுக்கு முன்பு என்றால் நூறு சதவீதம் திரும்பும். முதல் ஐந்து வகுப்பு நாட்களில் 80, அடுத்த ஐந்தில் 70, அதற்கடுத்த ஐந்தில் 50, நான்காவது ஐந்தில் 25, பிறகு ஒன்றுமில்லை.

இந்த இரண்டு கணக்கும் மோதுகிற ஓர் இடம் உண்டு. கடைசி செமஸ்டர், மீதி இருப்பது ஒரே கோர்ஸ். அதை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்கலாம் என்று முதலில் டிராப் அழுத்தினால் கையில் பூஜ்யம் கோர்ஸ், அதாவது வித்டிராவல். சில சிஸ்டங்கள் கடைசிக் கோர்ஸை விட அனுமதிக்காமல் தடுத்துவிடும், சில தடுக்காது. கட்டணம் 4,000 டாலர் என்றால் ஏழாம் நாளில் இப்படிச் செய்தவருக்கு 2,800தான் திரும்ப வரும். புதுக் கோர்ஸுக்கு முழுசாக மறுபடி கட்ட வேண்டும். அதனால் எப்போதும் சேர்த்துவிட்டு விடுங்கள். விட்டுவிட்டுச் சேர்க்காதீர்கள்.

இதற்கென்றே பதிவு சிஸ்டங்களில் ஸ்வாப் என்று ஒரு வசதி இருக்கிறது. புதுக் கோர்ஸில் இடம் கிடைத்தால் மட்டும் பழையதை விடும். கிடைக்காவிட்டால் பழையது அப்படியே இருக்கும். பீப்பிள்சாஃப்ட் என்கிற மென்பொருளில் ஓடும் சிஸ்டமானால் வெயிட்லிஸ்டில் (காத்திருப்போர் பட்டியலில்) பெயர் போடும்போதே, இடம் வந்தால் எதை விட வேண்டும் என்றும் சொல்லி வைக்கலாம். சொல்லாமல் போட்டால், இடம் காலியாகும் நேரத்தில் நேர மோதல் காரணமாகவோ கிரெடிட் உச்சவரம்பு காரணமாகவோ சிஸ்டம் உங்களைத் தாண்டி அடுத்தவருக்குப் போய்விடும். வெயிட்லிஸ்டில் மூன்றாவதாக இருந்தேன், ஏழாவதாக இருந்தவருக்குக் கிடைத்துவிட்டது என்கிற புகாரில் பாதிக்கு மேல் இதுதான் நடந்திருக்கும்.

முதல் வாரம் தாண்டிய பிறகு ஒரு கோர்ஸில் சேர மூன்று பூட்டு திறக்க வேண்டும். ஒன்று இடம், அறையின் கொள்ளளவு தீயணைப்பு விதிப்படி நிர்ணயித்தது, பேராசிரியர் நினைத்தாலும் மீற முடியாது. இரண்டு, முன்தேவைக் கோர்ஸ் படித்திருக்க வேண்டும் என்கிற ப்ரீரெக்விசிட். நீங்கள் இங்கே படிக்காமல் கோயம்புத்தூரில் படித்தது சிஸ்டத்துக்குத் தெரியாது, பி.இ. மார்க் ஷீட்டையும் சிலபஸ் பக்கத்தையும் அனுப்பினால் துறை அதைத் திறந்துவிடும். மூன்று, தேதி. ஒவ்வொன்றுக்கும் தனி ஓவர்ரைடு, அதாவது அந்தத் தடையை விலக்கும் அனுமதி. இடத்துக்கு ஓவர்ரைடு வாங்கிவிட்டு ப்ரீரெக்விசிட் பூட்டில் போய் முட்டிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. அதனால் கேட்கும்போதே, சிஸ்டம் எந்தப் பிழைச் செய்தியைக் காட்டியது என்பதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்.

மெயிலில் "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கி மூன்று பத்தி குடும்பக் கதை வேண்டாம். கோர்ஸ் எண், செக்ஷன், பதிவு எண், உங்கள் மாணவர் எண், என்ன ஓவர்ரைடு வேண்டும், எதை விட்டு எதை எடுக்கிறீர்கள். ஐந்து வரி போதும். பேராசிரியர் சம்மதித்தாலும் சிஸ்டத்தில் அதைப் போடுகிறவர் துறையின் அட்வைசர். அவருக்கும் நகல் போடுங்கள்.

இதில் அதிகம் பேர் விழுகிற குழி, ஓவர்ரைடு கிடைத்ததும் சேர்ந்துவிட்டதாக நினைப்பது. ஓவர்ரைடு பூட்டைத்தான் திறக்கும். உள்ளே நீங்கள்தான் போக வேண்டும். மறுபடி லாகின் செய்து கோர்ஸைச் சேர்க்க வேண்டும், அதுவும் அனுமதிக்குக் காலக்கெடு இருந்தால் அதற்குள். கேன்வாஸ் என்கிற பாடத் தளத்தில் பாடம் தெரிகிறது என்பதும் ஆதாரமில்லை. பேராசிரியர் யாரையும் விருந்தாளியாகக் கூடச் சேர்த்துக்கொள்ள முடியும். செமஸ்டர் முழுக்க வகுப்புக்குப் போய், பரீட்சையும் எழுதி, கிரேடு ரோஸ்டரில் பெயர் இல்லாமல் நின்றவர்கள் உண்டு. இதன் மறுபக்கமும் அதே அளவு ஆபத்தானது: வகுப்புக்குப் போகாமல் இருந்தால் பெயர் தானாக நீங்கிவிடும் என்பது. நீங்காது. டிரான்ஸ்கிரிப்டில் எஃப் வரும், கட்டணமும் போகும்.

உங்கள் கணக்கில் ஹோல்டு, அதாவது பதிவுத் தடை, இருந்தால் சேர்க்க முடியாது என்பது தெரிந்ததுதான். சில இடங்களில் விடவும் முடியாது என்பது பலருக்குத் தெரியாது. கட்டண பாக்கி, காசநோய்ப் பரிசோதனை, 22 வயதுக்குக் கீழ் சேர்கிறவர்களுக்கு மெனிஞ்சைட்டிஸ் தடுப்பூசி, அட்வைசிங் என்று ஹோல்டு பலவகை. பன்னிரண்டாம் நாள் காலையில் அதைக் கண்டுபிடித்தால் மாலைக்குள் எடுபடாது. முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

விசா கணக்கு

எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் வந்தவர் ஒவ்வொரு ஃபாலிலும் (ஆகஸ்ட் செமஸ்டர்) ஸ்பிரிங்கிலும் முழுநேரமாகப் படிக்க வேண்டும். இளங்கலைக்கு 12 கிரெடிட் என்று கூட்டாட்சி விதியே சொல்கிறது. முதுகலைக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் வரையறுப்பது, பெரும்பாலும் 9. மூன்று கோர்ஸ் எடுத்த எம்.எஸ். மாணவர் ஒன்றை விட்டால் 6. டிராப் பட்டன் அழுத்தினால் எந்த எச்சரிக்கையும் வராமலே போகலாம். அந்தப் பட்டனுக்கு விசா தெரியாது. அது பதிவாளருடைய பட்டன். சில நாள் கழித்து முழுநேரத்துக்குக் கீழே போனவர்கள் பட்டியல் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போகும். அங்கே டி.எஸ்.ஓ. என்கிற அதிகாரி அதைத் தெரிந்துகொண்ட 21 நாளுக்குள் செவிஸ் என்கிற கூட்டாட்சி அரசின் மாணவர் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அவருக்கு அதில் கருணை காட்ட இடமில்லை.

சரியான வரிசை இது: முதலில் டி.எஸ்.ஓ.விடம் குறைந்த பாடச்சுமைக்கு, அதாவது ஆர்.சி.எல்.லுக்கு, விண்ணப்பம். அவர் செவிஸில் அனுமதி ஏற்றி, புது ஐ-20 (மாணவர் விசாவுக்கு அடிப்படையான பல்கலைக்கழகச் சான்று) கொடுத்த பிறகுதான் டிராப். கெடு நாளைக்கு, அனுமதி இன்னும் வரவில்லை என்றால் டிராப் செய்யாமல் டி.எஸ்.ஓ. அலுவலக வாசலில் போய் நில்லுங்கள். கெடு தாண்டினாலும் மனு போட வழியுண்டு. அனுமதி இல்லாமல் விட்டதைச் சரிசெய்வது அதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

ஆர்.சி.எல். மூன்று காரணத்துக்குத்தான். படிப்புக் கஷ்டம் என்பது ஒன்று, ஆனால் அதற்குள் வருவன இவை மட்டுமே: ஆரம்ப கால ஆங்கிலச் சிரமம், வாசிப்புச் சுமையில் தொடக்கத் திணறல், அமெரிக்கப் பாடமுறை பழக்கமின்மை, தகுதிக்குப் பொருந்தாத நிலையில் கோர்ஸ் அமைந்துவிடுதல். சி வந்துவிடும் என்ற பயமும் பேராசிரியரைப் பிடிக்காததும் இதில் இல்லை. இதை ஒரு பட்ட நிலைக்கு ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தலாம். அப்போதும் குறைந்தது ஆறு கிரெடிட் அல்லது பாதிச் சுமை இருக்க வேண்டும். அடுத்த பருவம் முழுநேரத்துக்குத் திரும்ப வேண்டும். முதல் செமஸ்டரில் பாடமுறை புதிது என்றால் பொருந்தும். நான்காவது செமஸ்டரில் சொன்னால் டி.எஸ்.ஓ. உங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

இரண்டாவது, உடல்நலம். உரிமம் பெற்ற மருத்துவரோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டோ தந்த கடிதம் வேண்டும். பூஜ்யம் கிரெடிட் வரைகூடக் குறைக்கலாம். ஒரு பட்ட நிலைக்கு மொத்தம் 12 மாதம், ஒவ்வொரு பருவமும் புது அனுமதி. மன அழுத்தமும் இதில் அடங்கும். தயங்கிக்கொண்டு படிப்புக் கஷ்டம் என்று எழுதி அந்த ஒற்றை வாய்ப்பைச் செலவழிக்க வேண்டாம். மூன்றாவது, கடைசி செமஸ்டரில் பட்டத்துக்குத் தேவையான கோர்ஸ் மட்டும் எடுப்பது.

ஆன்லைன் கோர்ஸ் இன்னொரு கண்ணி. முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரு ஆன்லைன் வகுப்பு, அதாவது மூன்று கிரெடிட் வரைதான் சேரும். ஒன்பது கிரெடிட்டில் குறைந்தது ஆறு நேரடி வகுப்பாக இருக்க வேண்டும். இரண்டாம் வாரத்துக்கு மேல் இடம் மிச்சமிருக்கிற கோர்ஸ் பெரும்பாலும் ஆன்லைன் செக்ஷனாகவே இருக்கும். அவசரத்தில் ஸ்வாப் செய்யும்போது எண்ணிக்கை ஒன்பதாகவே இருக்கும், உள்ளே நேரடி வகுப்பு மூன்று கிரெடிட்டாகக் குறைந்திருக்கும். கடைசி செமஸ்டரில் ஒரே கோர்ஸ் மீதி என்றால் அது முழு ஆன்லைனாக இருக்கவே கூடாது. கோர்ஸ் விவரத்தில் இன்ஸ்ட்ரக்‌ஷன் மோட் என்ற வரியைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

கோடைப் பருவம் விடுமுறையாகக் கருதப்படுவதால் அதில் முழுநேரக் கட்டாயம் இல்லை. கோடையிலேயே படிப்பைத் தொடங்குகிறவருக்கு மட்டும் உண்டு.

டி.எஸ்.ஓ. அனுமதி இல்லாமல் கோர்ஸை விட்டு மாணவர் நிலையை இழந்துவிட்டால் இரண்டு வழி. ஐ-539 என்கிற குடிவரவுத் துறைப் படிவத்தில் நிலையை மீட்கக் கேட்பது ஒன்று. நிலை இழந்து ஐந்து மாதத்துக்குள் போட வேண்டும், முடிவு வரும்வரை வளாக வேலையும் கிடையாது. அல்லது நாட்டைவிட்டுப் போய்ப் புது ஐ-20யில் திரும்புவது. இதில் செவிஸ் எண் புதிது என்பதால் சி.பி.டி., ஓ.பி.டி. என்கிற மாணவர் வேலை அனுமதிகளுக்குத் தேவையான ஒரு கல்வியாண்டுக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

கிரெடிட்டை ஒன்பதிலேயே நிறுத்திக்கொண்டு கஷ்டமான கோர்ஸை விட வழியே இல்லையா? இருக்கிறது. துறையில் ரிசர்ச், இண்டிபெண்டண்ட் ஸ்டடி என்று கிரெடிட் எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளக்கூடிய கோர்ஸ்கள் உண்டு. அவற்றுக்கு அறை கிடையாது, அதனால் இடம் தீர்ந்துபோகாது. ஒரு பேராசிரியர் எழுத்தில் சம்மதித்தால் தாமதச் சேர்க்கைப் படிவத்தில் மற்றவற்றைவிட எளிதில் கையெழுத்தாகும். எட்டு வார இரண்டாம் பாதிக் கோர்ஸ்கள் இருந்தால் அவற்றுக்குத் தனிக் கெடு, அக்டோபரில்கூடத் திறந்திருக்கும். அவற்றை நம்பி வேறொரு கோர்ஸை விடும் முன் டி.எஸ்.ஓ.வின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அசிஸ்டன்ட்ஷிப்போ (வளாக வேலையோடு வரும் உதவித்தொகை), வெளிமாநிலக் கட்டணத்தை உள்மாநிலக் கட்டணமாக்கித் தருகிற ஆயிரம் டாலர் போட்டி ஸ்காலர்ஷிப்போ இருந்தால் அந்த நியமனக் கடிதத்தையும் படியுங்கள். அதில் எழுதியிருக்கிற குறைந்தபட்ச கிரெடிட் ஆர்.சி.எல்.லுக்குக் கட்டுப்படாமல் இருக்கலாம். விசா தப்பித்து, கட்டணம் மட்டும் வெளிமாநில விகிதத்துக்கு ஏறிய பில் வந்து நிற்கும்.

டபிள்யூவா, சியா

டபிள்யூ ஜி.பி.ஏ. என்கிற கிரேடு சராசரியைத் தொடாது. ஆனால் சி தொடும். முதுகலையில் பட்டம் வாங்க 3.0 கேட்பது வழக்கம். ஏ 4, பி 3, சி 2 என்று எண்ணினால், பி, பி, சி என்பது 2.67. அதை 3.0 ஆக்க அடுத்த செமஸ்டரில் மூன்று கோர்ஸில் ஒரு ஏ, இரண்டு பியாவது வேண்டும். அது முடியாத காரியமில்லை. ஆக ஒரே ஒரு சி வரும் என்ற பயத்துக்காக ஆர்.சி.எல். வாய்ப்பைச் செலவழிப்பது வீண். எஃப் வரும் என்றால் யோசிக்காதீர்கள், டி.எஸ்.ஓ.விடம் இன்றே போங்கள்.

இளங்கலை மாணவருக்கு டெக்சஸில் கூடுதலாக ஒரு வரம்பு. 2007 ஃபாலிலோ அதற்குப் பிறகோ முதன்முதலில் சேர்ந்தவர், அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றையும் சேர்த்தே மொத்தம் ஆறு கோர்ஸ்தான் விடலாம். கம்யூனிட்டி காலேஜில் விட்டதும் கூடவே வரும். சென்சஸ் நாளுக்குள் விட்டது கணக்கில் இல்லை. செமஸ்டரையே முழுசாக வித்டிரா செய்ததும் இல்லை. கடும் நோய், நெருங்கியவர் மரணம் போன்றவற்றுக்கு ஆவணம் காட்டி விலக்குக் கேட்கலாம். முதுகலைக்கு இந்த வரம்பு கிடையாது.

எல்லாக் கெடுவும் போன பிறகு போடுகிற மனுவில் குழு பார்ப்பது மூன்று கேள்வி. என்ன நடந்தது? அது ஏன் கெடுவுக்கு முன் உங்களை விடவிடாமல் செய்தது? ஏன் இந்த ஒரு கோர்ஸ் மட்டும்? மூன்றாவதில்தான் பெரும்பாலான மனுக்கள் விழும். டெங்குவில் படுத்த மாணவர் மற்ற இரண்டு கோர்ஸில் ஏ வாங்கியிருந்தால், காய்ச்சல் ஒரு கோர்ஸை மட்டும் எப்படித் தாக்கியது என்று கேட்பார்கள். லேப் வாரம் தவறிப்போனது, மிட்டர்ம் அந்த வாரத்தில் வந்தது என்று பதில் தேதியோடு இருக்க வேண்டும். ஆவணத்தின் தேதியும் கதையின் தேதியும் பொருந்த வேண்டும். ஊரில் ஒரு மரணம் என்றால் இறப்புச் சான்றிதழோடு விமான டிக்கெட்டும் வையுங்கள். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்பும். கடிதம் ஒரு பக்கம். கெடு தெரியாது என்பதைக் காரணமாக எழுதாதீர்கள்; அகடமிக் காலண்டர் எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது என்பது அவர்களுடைய பதில்.

மாற்றம் முடிந்ததும் மறுநாள் மூன்று இடத்தைப் பாருங்கள்: கோர்ஸ் பட்டியல், கட்டண பில், ஐ-20. கோர்ஸ் சேர்ந்ததில் ஏறிய கட்டணம் கட்டாமல் விட்டால் சில வளாகங்களில் அதே கோர்ஸிலிருந்து சிஸ்டமே உங்களை நீக்கிவிடும். ஆர்.சி.எல். அனுமதி மெயிலையும் அந்த ஐ-20யையும் பி.டி.எஃப். ஆக்கிச் சொந்தக் கணக்கில் போட்டு வையுங்கள். பின்னாளில் ஹெச்-1பி வேலை விசா விண்ணப்பத்தின்போது மாணவர் நிலையை ஒழுங்காகக் காத்ததற்கு ஆதாரம் கேட்பதுண்டு. அதற்குள் பல்கலைக்கழக மெயில் கணக்கை மூடியிருப்பார்கள்.